60 வயது மகன், 50 வயது நைனா: குறும்படக் கதைக்கு ஒரு கணக்கு

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. காவலூர் வானாய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் 1986இல் தன் எட்டு வயது மகனை விட்டுவிட்டு விண்கலம் ஏறுகிறார். ஒளியின் வேகத்தை நெருங்கிப் போவதால் வயதாகாமல் திரும்புகிறார். வருடம் ஒரு கடிதம் ரேடியோ அலையில் அனுப்புகிறார், மகன் வருடம் ஒன்றாக வாங்கிப் படிக்கிறான். கடைசியில் அவர் புறப்பட்ட அதே நாளுக்கே வந்து சேர்கிறார். 20 நிமிடக் குறும்படம், சுற்றுவட்டாரத்திலேயே குறைந்த செலவில் எடுக்க வேண்டும், "அறிவியல்படி இது சரியா?" என்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: எந்தப் பொய்யைச் சொன்னால் பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார், எதைச் சொன்னால் படம் கையை விட்டுப் போகும் என்பது. அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. வேகமாகப் போகிறவருக்குக் காலம் மெதுவாக நகர்கிறது என்பதில் இன்று எந்தச் சந்தேகமும் இல்லை. 1971இல் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றவிட்டு, தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் கணக்கில் சொன்னபடியே வந்தது. நம் கைபேசியில் வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம் வேகத்தால் ஒரு நாளைக்கு 7 மைக்ரோ விநாடி பிந்தும், உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் 45 முந்தும், ஆக மொத்தம் 38 மைக்ரோ விநாடி முந்தி ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடம் கிலோமீட்டர் கணக்கில் தவறிப்போகும். விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறவர் நம்மைவிட சுமார் 5 மில்லி விநாடி இளமையாக வருகிறார். உங்கள் கதையும் இதே விதிதான். அளவு மட்டும் பெரிது.

அப்பா புறப்பட்ட நாளுக்கே திரும்புவது வேறு சமாச்சாரம். காலத்தில் பின்னோக்கிப் போக முடியும் என்பதற்கு இதுவரை ஒரு சோதனைச் சான்றும் கிடையாது. சமன்பாடுகளில் சில விசித்திரமான தீர்வுகள் உண்டு, அவ்வளவே. முன்னோக்கிப் போகும் காலம் நிரூபிக்கப்பட்டது, பின்னோக்கிப் போகும் காலம் கற்பனை. இரண்டையும் ஒரே படத்தில் வைத்தால் நிரூபிக்கப்பட்டதும் மந்திரம் போலத் தெரியும். அந்த முடிவை எடுத்துவிடுங்கள். எடுத்தால் நஷ்டமில்லை, உங்கள் கதைக்கு அதைவிடப் பெரிய முடிவு கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

வேகத்தை எவ்வளவு வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யாருக்கு எத்தனை வயது என்று எழுதியவருக்கே தெரியாது. 60 சதவீத வேகத்தில் போனால் பூமியில் 40 ஆண்டு கழியும்போது அவருக்கு 32 ஆண்டு ஆகிவிடும். அதில் கதை இல்லை. 99 சதவீதம் என்றால் 40 ஆண்டு அவருக்கு ஐந்தரை ஆண்டாகச் சுருங்கும். அதில் அவர் வாழ்வதற்கே நேரம் போதாது. உங்கள் கதைக்கு நான் தேர்ந்தெடுப்பது ஒளியின் வேகத்தில் பதிமூன்றில் பன்னிரண்டு பங்கு, அதாவது 92.3 சதவீதம். இந்த வேகத்தில் எண்கள் எல்லாம் முழுசாக விழுகின்றன. பூமியில் 26 ஆண்டு என்றால் கலத்தில் 10 ஆண்டு. போக 26, வர 26, ஆக 52 ஆண்டு. அப்பாவுக்கோ போக 10, வர 10, மொத்தம் 20தான். புறப்படும்போது அவருக்கு 30, பையனுக்கு 8. 2038இல் திரும்பும்போது அவருக்கு 50, மகனுக்கு 60. அவர் போய்த் திரும்பும் இடம் 24 ஒளியாண்டு தொலைவில். அபிஜித் (வேகா) நட்சத்திரம் 25 ஒளியாண்டில் இருக்கிறது, அதற்கு ஒன்று குறைய.

இப்போது கடிதங்களுக்கு வருகிறேன். நீங்கள் தவறவிட்ட புதையல் இங்கேதான் இருக்கிறது. அப்பா தன் கடிகாரப்படி வருடம் தவறாமல் ஒன்று அனுப்புகிறார். ஆனால் ஒவ்வொன்றையும் முந்தையதைவிட வெகு தொலைவிலிருந்து அனுப்புகிறார், அவர் காலமும் மெதுவாகப் போகிறது. இரண்டும் சேர்ந்து, இந்த வேகத்தில், கடிதங்களின் இடைவெளி சரியாக ஐந்து மடங்கு நீளும். பையனுக்கு முதல் கடிதம் 1991இல், அவனுக்கு 13 வயதாகும்போதுதான் கிடைக்கும். அடுத்தது 18 வயதில், அப்புறம் 23, 28, 33 என்று போய், பத்தாவது கடிதம் 2036இல் அவனுடைய 58ஆம் வயதில் வரும். 50 வருடத்தில் பத்தே கடிதம். அப்பா திரும்பத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். இடைவெளி ஐந்தில் ஒன்றாகச் சுருங்கி, 73 நாளுக்கு ஒன்று என்று கொட்டும். இரண்டே வருடத்தில் ஒன்பது கடிதம் வந்துவிடும். பத்தாவது வர வேண்டிய நாளில் ஆளே வந்து நிற்பார்.

மகன் எழுதுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அவனும் வருடத்துக்கு ஒன்று அனுப்புகிறான் என்றால், போகிற பத்து வருடத்தில் அப்பாவுக்குக் கிடைப்பது இரண்டே இரண்டு. ஒன்பது வயதில் எழுதியது ஒன்று, பத்து வயதில் எழுதியது ஒன்று. ஆகவே கலம் திரும்பும் இடத்தில் நிற்கும்போது அவர் மனதில் இருப்பவன் பத்து வயதுப் பையன். அதன்பின் வரும் பத்து வருடத்தில் மீதி 50 கடிதங்களும் 73 நாளுக்கு ஒன்றாக வரும். பத்து வயதுப் பையன் அவர் கண்முன்னே மீசை முளைத்து, கல்யாணம் செய்து, நரைத்து, ஓய்வு பெறுவான். மகனுக்கோ இழுபட்ட 50 வருடக் காத்திருப்பு, பிறகு இரண்டு வருட அவசரம். ஒரே பயணத்தை இருவரும் இப்படி ஏறுமாறாக அனுபவிப்பதுதான் உங்கள் கதை. இளமையான அப்பாவும் கிழ மகனும் கட்டிப்பிடிக்கும் காட்சியைப் பலரும் யோசித்துவிடுவார்கள். கடிதக் கணக்கை யாரும் யோசிப்பதில்லை. 20 நிமிடத்தில் 15 நிமிடத்தைக் கடிதங்களுக்குக் கொடுங்கள் என்பேன்.

ஒரு எடுத்துக்காட்டு. முதல் கடிதத்தில் அப்பா "சைக்கிள் கத்துக்கினியா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 13 வயதுப் பையன் கையில் கிடைக்கிறது. அவன் உடனே, "கத்துக்கினு அஞ்சு வருசமாச்சி நைனா" என்று பதில் போடுகிறான். அந்தப் பதில் அப்பாவுக்குக் கிடைப்பது பயணத்தின் பத்தரை வருடம் கழிந்தபோது, அவருக்கு 40 வயது தாண்டிய பிறகு. கேள்வியை எழுதிய நாளிலிருந்து ஒன்பதரை வருடம். வசனமாக இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. "நைனா" என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். திரையில் மட்டும் ஏன் "அப்பா" ஆக்க வேண்டும்?

இந்தக் கணக்கில் நான் விட்டுவைத்தது ஒன்று உண்டு. கலம் ஒரே நொடியில் இந்த வேகத்தைப் பிடிக்காது, பிடித்தால் உள்ளே இருப்பவர் நசுங்கிப்போவார். பூமியில் நாம் உணரும் எடை அளவுக்கு முடுக்கிக்கொண்டே போனால் இந்த வேகத்தைத் தொட அவருக்குச் சுமார் ஒன்றரை வருடம் ஆகும். நிறுத்தவும், திரும்பிப் புறப்படவும், கடைசியில் இறங்கவும் தலைக்கு அதே அளவு. அதைச் சேர்த்தால் வருடங்கள் கொஞ்சம் முன்பின் ஆகும், கடிதங்களும் முதலில் நெருக்கமாக வந்து போகப்போக அகலும். குறும்படத்துக்கு முழு எண்களே போதும். யாராவது கணக்குப் போட்டுக் கேட்டால் இந்தப் பதிலைச் சொல்லுங்கள்.

ஆசைப்பட்டாலும் முடியாதது அந்த எஞ்சின். 1 கிலோ எடையை இந்த வேகத்துக்குக் கொண்டுபோக ஆகும் ஆற்றல் சுமார் 4,000 கோடி யூனிட் மின்சாரம். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் உலை ஒன்று நாலரை வருடம் நிற்காமல் ஓடினால் கிடைப்பது. இது வெறும் 1 கிலோவுக்கு, ஒரே ஒரு தடவை வேகம் பிடிக்க. வழியில் 1 மில்லிகிராம் தூசு மோதினால் 30 டன்னுக்கு மேல் வெடிமருந்து வெடித்த மாதிரி. ஆகவே கலம் எப்படி ஓடுகிறது என்று விளக்கவே விளக்காதீர்கள். ஒரு படத்துக்கு ஒரு பெரிய பொய் செல்லும், உங்களுடையது இந்த எஞ்சின். அதை முதல் நிமிடத்திலேயே போட்டுவிட்டு, மிச்சத்தில் நேர்மையாக இருங்கள்.

காவலூரைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை ஒட்டி, 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1977இல் யுரேனஸுக்கு வளையம் இருப்பதைக் கண்டறிந்ததில் இங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது 1986 ஜனவரியில். உங்கள் கதை தொடங்கும் வருடமும் அதுதான், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அப்பாவின் செய்தி ரேடியோ அலையில் காவலூருக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே இருப்பவை கண்ணாடி வைத்து ஒளியைச் சேர்க்கும் தொலைநோக்கிகள், ரேடியோவைப் பிடிக்கும் தட்டு அல்ல. செய்தியை லேசர் ஒளியாக மாற்றிவிட்டால் பிழை நீங்கும், கூடவே ஒரு காட்சியும் கிடைக்கும். இடைவெளி ஐந்து மடங்கு நீள்வது போல ஒளியின் அலைநீளமும் ஐந்து மடங்கு நீளும். அவர் 440 நானோமீட்டர் நீல ஒளியில் அனுப்பினால் இங்கே 2,200 நானோமீட்டராக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக வரும். கருவி மட்டுமே பிடிக்கும். திரும்பி வரும்போது அவர் 2,650 நானோமீட்டர் அகச்சிவப்பில் அனுப்பினால் அது ஐந்தில் ஒன்றாகச் சுருங்கி 530, பச்சை ஒளி. அதாவது 50 வருடம் மகன் ஒரு துளி வெளிச்சத்தையும் கண்ணால் பார்த்ததில்லை, 58 வயதுக்குப் பிறகுதான் தொலைநோக்கியில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்குகிறது. நிறம் மாறுவது உறுதியான இயற்பியல். அவ்வளவு தூரத்து லேசர் இங்கே கண்ணில் படும் அளவுக்குப் பிரகாசமாக இருக்குமா என்பது சந்தேகத்துக்குரியது, அதை எஞ்சின் பொய்யோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கலத்தின் ஜன்னலில் நட்சத்திரங்கள் கோடு கோடாகப் பறப்பதைப் போடாதீர்கள், அப்படி நடக்காது. இந்த வேகத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் முன்பக்கம் ஒரு கொத்தாகக் குவிந்து நீலமாகும், பின்பக்கம் கிட்டத்தட்ட இருட்டு. நேர் பின்னால் இருக்கும் சூரியன், அணைந்துபோன கரி போல மங்கி, அவர் கண்ணுக்கே தெரியாமல் போகும். போகிற வருடங்களில் அவரால் வீடிருக்கும் திசையைப் பார்க்க முடியும், வீட்டைப் பார்க்க முடியாது. 24 ஒளியாண்டில் கலம் வேகம் குறைந்து நிற்கும்போதுதான் சூரியன் மறுபடி தெரியும், நான்காம் அளவுப் பிரகாசமுள்ள ஒரு சாதாரண நட்சத்திரமாக. வேலூர் ஊருக்குள் தெருவிளக்கு வெளிச்சத்தில் நின்று பார்த்தால் அப்படி ஒரு நட்சத்திரம் கண்ணில் படுவதே கஷ்டம். இதை எடுக்க கிராஃபிக்ஸ் வேண்டாம். கறுப்புச் சார்ட் அட்டையில் ஊசியால் ஓட்டை போட்டு, பின்னால் விளக்கு வைத்து, நடுவில் நீல ஜெலட்டின் காகிதம் ஒட்டினால் போதும். ஓட்டைகளை நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் அரிதாகவும் போடுங்கள்.

மிதப்பதற்குக் கயிறு கட்ட வேண்டியதில்லை. எடையில்லாமல் இருந்தால் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் எலும்பு தேயும், 20 வருடம் அப்படி இருந்தவர் பூமியில் எழுந்து நிற்க முடியாது. ஆகவே கலம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துவிடுங்கள், உள்ளே சாதாரணமாக நடக்கலாம். 8 அடிக்கு 6 அடி அறை ஒன்று போதும். சுவருக்குக் காயலான் கடையில் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள், ஏசி டக்ட் துண்டுகள், வாஷிங் மெஷின் டிரம் கிடைக்கும். தெர்மகோல் வைத்தால் அதன்மேல் நேராக ஸ்பிரே பெயின்ட் அடிக்காதீர்கள், அதிலுள்ள கரைப்பான் தெர்மகோலைக் குழிகுழியாகத் தின்றுவிடும். முதலில் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து இரண்டு கை பூசி, ஒரு நாள் காயவிட்டு, எமல்ஷன் அடித்து, அதற்கு மேல் ஸ்பிரே அடிக்கலாம். எல்ஈடி பட்டைகளை டிம்மர் போட்டு மங்கவைத்தால் படத்தில் கோடு ஓடும். வெளிச்சம் அதிகமென்றால் மேலே வெள்ளைக் காகிதம் ஒட்டிக் குறையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 25 பிரேம், 1/50 ஷட்டர். 24 பிரேமில் எடுத்துவிட்டு டியூப்லைட் துடிக்கிறது என்று பலர் தவிக்கிறார்கள்.

அப்பாவின் குரலுக்கும் ஐந்து மடங்கு விதி உண்டு. ஒரு நிமிடப் பேச்சு ஐந்து நிமிடமாக இழுபடும். எடிட்டிங்கில் வேகத்தை 20 சதவீதமாக்கி, பிட்ச் திருத்தத்தை அணைத்தால் அதுவே கிடைக்கும். ஆனால் 120 ஹெர்ட்ஸில் இருக்கும் ஆண் குரல் 24 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கைபேசி ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது, உங்கள் பார்வையாளர்கள் முக்கால்வாசிப் பேர் கைபேசியில்தான் பார்ப்பார்கள். எனவே முதல் மூன்று விநாடி 50 சதவீதத்தில் உறுமலாக ஓடவிட்டு, மகன் ஒரு குமிழைத் திருப்பியதும் சரியான குரலுக்குக் கொண்டுவாருங்கள். திரும்பும் பயணத்தில் அதே குமிழை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ஒரு வார்த்தை விளக்காமலே, நைனா இந்தப் பக்கம் வருகிறார் என்பது பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

வருடங்களைக் காட்ட எழுத்துப் போட வேண்டாம், முகவரி இருக்கிறது. மகன் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் ஊர் எழுதட்டும். 1986இல் வட ஆற்காடு மாவட்டம். 1989இல் மாவட்டம் பிரிந்தபின் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம். 2019க்குப் பின் ஆலங்காயமும் காவலூரும் திருப்பத்தூர் மாவட்டம். வீடு ஒரே வீடு, மாவட்டம் நான்கு. 2021இல் வரும் கடிதத்தைப் படிக்கும்போது முகக்கவசம் இருக்கட்டும். 1997க்கு முந்தைய பேருந்துக் காட்சி இருந்தால் பக்கவாட்டில் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் வேண்டும், இல்லையேல் பேருந்தையே காட்டாதீர்கள்.

மகனுக்கு இரண்டு நடிகர்கள் போதும், எட்டு வயதுக்கு ஒருவர், அறுபதுக்கு ஒருவர். இடைப்பட்ட கடிதங்களில் கை மட்டும் தெரியட்டும், ஒரே மேசை, ஒரே கோணம். பெரியவர் வேடத்துக்கு நம் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் குரல் கடைசி வரிசைக்குப் பழகியது, ஆகவே ஒத்திகையை மைக்கோடு நடத்துங்கள், சட்டைக்குள் மைக் வைத்து மெதுவாகப் பேசச் சொல்லுங்கள்.

வானாய்வகத்துக்குள் எடுக்க அதை நடத்தும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். இரவில் அங்கே விளக்குப் போடுவது அவர்கள் வேலையைக் கெடுக்கும், எனவே பகலில் குவிமாடத்தின் வெளிப்புறம் மட்டும் கேளுங்கள். சுற்றிலும் காடு, வனத்துறை அனுமதி தனி. நட்சத்திர ஷாட்டை மலையடிவாரத்தில் எங்கும் எடுக்கலாம். முழு ஃபிரேம் கேமராவில் 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்று வரும். 20 மில்லிமீட்டருக்கு 25 விநாடி, அதற்கு மேல் போனால் புள்ளி கோடாகும். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200இல் தொடங்குங்கள். அபிஜித்தைத்தான் காட்ட வேண்டும், ஆனால் அது முன்னிரவிலேயே நன்றாக உயரத்தில் வரும் ஜூலை ஆகஸ்டில் மேகம் விடாது. ஏப்ரல் அமாவாசையை ஒட்டிப் போங்கள். நள்ளிரவில் வடகிழக்கே 20 டிகிரி உயரத்தில் நிற்கும், நீலம் கலந்த வெள்ளையாக, அந்தப் பக்கத்தில் அதைவிடப் பிரகாசமாக வேறொன்றும் இருக்காது. விடியற்காலை நாலு மணிக்கு வடக்குப் பக்கம் சுமார் 60 டிகிரி உயரத்துக்கு ஏறிவிடும். பையன் அண்ணாந்து பார்க்கும் ஷாட்டை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.